தட்டைப் பார்த்தால் முகத்தைத் திருப்பும் மினி

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் இங்கே நலம். உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது என்று எழுது.

"சாப்பிடாத நாயை வைத்துக்கொண்டு எதற்கு இந்தப் பாடு, யாருக்காவது கொடுத்துவிடு" என்று அப்பா அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். கொடுக்கப் போவதில்லை. ஏன் என்று அவருக்குப் போனில் சொல்லி மாளாது. இரண்டாவது வரியிலேயே குறுக்குக் கேள்வி போடுவார். அதனால்தான் எழுதுகிறேன். நீ படித்துவிட்டு அவரிடம் கொடு.

மினி எங்களிடம் வந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். எதிர் வீட்டில் தனியாக இருந்த பாட்டியின் நாய் அது. நாங்கள் இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்தபோது எங்களைப் பார்த்துச் சிரித்த முதல் ஆள் அவர்தான். அவர் பேசுவதில் பாதி எனக்குப் புரியாது, நான் பேசுவதில் பாதி அவருக்குப் புரியாது. இரண்டு பேரும் குனிந்து நாயிடம் பேசிவிட்டு அவரவர் வீட்டுக்குள் போய்விடுவோம். அவர் முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டி வந்தது. அங்கே நாய்க்கு அனுமதி இல்லையாம். எங்கள் கதவைத் தட்டினார். உன் மாப்பிள்ளை யோசிக்கக்கூட இல்லை, இவர் வாங்கி உள்ளே விட்டுவிட்டார்.

வந்த நாளிலிருந்து மினி தட்டைத் தொடவில்லை. இடம் மாறிய நாய் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். நாய்களைத் தத்து கொடுப்பவர்கள் 3 நாள், 3 வாரம், 3 மாதம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மிரட்சி அடங்க 3 நாள், வீட்டு நடப்பு பிடிபட 3 வாரம், இதுதான் நம் வீடு என்று நம்ப 3 மாதம். தோராயக் கணக்குதான். எனக்கு அந்த மூன்றாவது கட்டம் முடிந்ததா என்று கேட்காதே.

ஆனால் சிறிய நாயை அப்படி மாதக்கணக்கில் விட்டுவைக்க முடியாது. கால்நடை மருத்துவமனைக்குப் போன் செய்தபோது அங்கிருந்த பெண் முதலில் கேட்டது, தண்ணீர் குடிக்கிறதா என்றுதான். அப்புறம் வாந்தி உண்டா, சிறுநீர் போகிறதா, வயிறு உப்பியிருக்கிறதா என்றாள். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்கச் சொன்னாள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டுமாம். விரலால் அழுத்தினால் வெளுக்கும், எடுத்ததும் 2 நொடிக்குள் பழைய நிறம் திரும்ப வேண்டும். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, மினியின் வாயைத் திறந்து, எனக்குத் தெரிந்த அரைகுறைப் பேச்சில் "சிவப்பு, சிவப்பு" என்று கத்தினேன். அவளுக்குப் புரிந்தது.

வளர்ந்த நாய் தண்ணீர் குடித்து, சுறுசுறுப்பாகவும் இருந்தால் ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம், அதற்கு மேல் போனால் காட்டிவிட வேண்டும் என்றாள். சின்ன ஜாதிக் குட்டியாக இருந்தால் அந்த ஒரு நாள்கூடக் கிடையாது. அந்தக் குட்டிகளுக்கு உடம்பில் சேமிப்பே இல்லை. ஓரிரு வேளை சாப்பிடாவிட்டாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கித் தள்ளாடும், நடுங்கும், வலிப்புகூட வரும். மினிக்கு எட்டு வயது என்பதால் அந்தப் பயம் இல்லை. ஆனாலும் அடுத்த நாளும் சாப்பிடாததால் தூக்கிக்கொண்டு போனோம்.

டாக்டர் எடை பார்த்தார். பாட்டி கொடுத்துவிட்டுப் போன பழைய அட்டையில் 4 கிலோ என்று இருந்தது, இப்போது அதில் 400 கிராம் குறைவு. கேட்டால் ஒன்றுமில்லாத மாதிரி இருக்கிறது இல்லையா? 60 கிலோ ஆள் 6 கிலோ இளைத்தது போல என்று அவர் சொன்ன பிறகுதான் இவர் முகம் மாறியது. எடை இப்படிக் குறைய நாளாகும், அதனால் இடம் மாறியது மட்டும் காரணமாக இருக்காது என்றார். வயிற்றை அழுத்திப் பார்த்தார், ரத்தம் எடுத்தார், சிறுநீரகமும் கல்லீரலும் சரியாக இருக்கின்றன என்றார். அப்புறம்தான் வாயைத் திறந்தார்.

அம்மா, பெரிய நாய்க்கும் 42 பல், இந்தக் கைப்பிடி வாய்க்கும் 42 பல். அத்தனையும் அந்தச் சின்னத் தாடைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. இடுக்கெல்லாம் அழுக்கு சேர்ந்து காரையாகக் கட்டி, ஈறு புண்ணாகிவிடும். சின்ன நாய்களுக்குப் பல் நோய் அதிகமாக வருவதற்கு அது ஒரு பெரிய காரணம். மினிக்கு மேல்வரிசையில் பின்பக்கம் ஒரு பெரிய பல் வெடித்திருந்தது. யோசித்துப் பார்த்தால் அதற்கான அடையாளம் எல்லாம் கண்ணெதிரே இருந்தது. உலர் உணவை ஒன்று வாயில் எடுக்கும், கீழே போடும், மறுபடி எடுக்கும். மென்றால் தலையைச் சாய்த்து ஒரே பக்கம் மெல்லும். அது அடம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நாய்க்குப் பல் வலித்தால் ஊளையிடாது, மறைத்துக்கொள்ளும்.

நாய் அசையாமல் வாயைத் திறந்து காட்டாது, அதனால் மயக்க மருந்து கொடுத்துத்தான் எக்ஸ்ரே எடுக்க முடியும். பல்லில் பெரும்பகுதி ஈறுக்குள்தான் இருக்கிறதாம், மேலே பார்த்துத் தீர்மானிக்க முடியாது. என்ன செய்யப் போகிறார்கள், எவ்வளவு ஆகும், என்னென்ன ஆபத்து என்று ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். நாய்க்குப் போய் இத்தனை தாளா என்று அப்பா சிரிப்பார். எனக்கு அது பிடித்திருந்தது. இந்த நாட்டில் எனக்குப் புரியாத பேச்சு நிறைய, ஆனால் தாளில் இருந்தால் வீட்டுக்கு எடுத்து வந்து அகராதியை வைத்துக்கொண்டு உட்காரலாம். அந்தப் பல்லையும், ஆடிக்கொண்டிருந்த இன்னும் சிலவற்றையும் பிடுங்கினார்கள். இரண்டு வாரம் மிருதுவான உணவு. மினி நக்கிச் சாப்பிட்டது. சரி, தீர்ந்தது என்று நினைத்தோம்.

தீரவில்லை. புண் ஆறியது, மறு பரிசோதனையில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். மினி மறுபடி தட்டைத் தொடவில்லை. இந்த முறை அது தட்டைப் பார்க்கும், பிறகு எங்கள் முகத்தைப் பார்க்கும், பிறகு இவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பாட்டியிடம் போனில் கேட்டேன். அவர் தினமும் தான் சாப்பிடும்போது மடியில் வைத்து ஒவ்வொரு வாயாக ஊட்டுவாராம். தட்டில் வைத்த வழக்கமே இல்லை. மினி தலையைத் திருப்பினால் வேறு ஏதாவது நல்லதாக எடுத்து வருவாராம். தம்பி சின்ன வயதில் ஒவ்வொரு வாய்க்கும் உன்னிடம் பேரம் பேசுவானே, அதே பேரம்தான். சாப்பிடாமல் இருந்தால் அடுத்து வருவது இதைவிட ருசியாக இருக்கும் என்று நாய் கற்றுக்கொண்டுவிட்டது. வலி வந்தபோது நிஜமாகவே முடியவில்லை. வலி போன பிறகும் பேரம் மட்டும் நிற்கவில்லை. டாக்டர் முதலில் உடம்பைப் பார்த்தது எவ்வளவு நல்லது என்று அப்போதுதான் புரிந்தது. உடம்பைப் பார்க்காமல் பிடிவாதம் என்று பட்டினி போட்டிருந்தால் அது கொடுமை.

அடுத்து ஒரு வேடிக்கை. சாப்பிடவே இல்லை என்று நாங்கள் கவலைப்பட்டுக்கொண்டிருக்க, எடை ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் சொன்னபடி குளிர்சாதனப் பெட்டி கதவில் ஒரு தாளை ஒட்டி, மினி வாயில் போகும் எல்லாவற்றையும் எழுதினோம். 4 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 300 கலோரி போதும். அதில் பிஸ்கட் மாதிரியான தின்பண்டம் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, அதாவது 30 கலோரி. இவர் காலையில் காபியோடு "துளியூண்டு" என்று கொடுக்கும் பாலாடைக்கட்டியை நிறுத்துப் பார்த்தேன், 30 கிராம். அதுவே 120 கலோரி! போதாததற்கு லிஃப்டில் வருகிற ஒவ்வொருவரும் பாட்டி காலத்திலிருந்தே மினிக்காகச் சட்டைப்பையில் ஏதாவது வைத்திருக்கிறார்கள். இந்தக் கட்டடத்தில் என் பெயர் தெரிந்தவர்கள் நாலைந்து பேர், மினி பெயர் தெரியாதவர் ஒருவரும் இல்லை. அது தட்டை எதற்குத் தொட வேண்டும்?

எனவே கழுத்துப் பட்டையில் "தயவுசெய்து எனக்கு எதுவும் கொடுக்காதீர்கள், டாக்டர் உத்தரவு" என்று ஒரு சீட்டு தொங்கவிட்டேன். வேலை செய்யும் இடத்தில் ஒருத்தியிடம் காட்டி இலக்கணம் சரிபார்த்துக்கொண்டேன். அதைப் படித்துவிட்டு, என்ன ஆச்சு, பல்லா, எந்தப் பல் என்று லிஃப்டில் எல்லோரும் விசாரிக்கத் தொடங்கினார்கள். எத்தனையோ மாதம் தலையை மட்டும் ஆட்டியவர்கள். இப்போது எனக்கு இந்த ஊர்ப் பேச்சில் ஈறு, கடைவாய், மயக்க மருந்து எல்லாம் தெரியும். வாடகை ஒப்பந்தத்தைத்தான் இன்னும் படிக்கத் தெரியவில்லை.

சாப்பாட்டு முறை இதுதான். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. தட்டை வைத்துவிட்டு எங்கள் வேலையைப் பார்ப்போம். கொஞ்சுவது, அருகில் உட்காருவது எதுவும் கிடையாது. 15 நிமிடத்தில் எடுத்துவிடுவோம். திட்டுவதும் இல்லை. தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கும். எடையை வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறோம். முதல் நாள்களில் இவர் பால்கனியில் போய் நின்றுகொள்வார், அந்தக் குளிரில், அந்தக் கண்களைப் பார்க்க முடியாமல். இந்த முறை நோயில்லாத வளர்ந்த நாய்க்கு மட்டும்தான் என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். குட்டிக்கும், சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடும் நாய்க்கும் இப்படிச் செய்யவே கூடாது.

உணவைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து அப்படியே வைப்பதில்லை. கையில் தொட்டால் இளஞ்சூடாக இருக்கும்படி வெந்நீர் கலந்து வைக்கிறேன். நமக்கு நாக்கில் சுவை மொட்டுகள் சுமார் 9000 என்றால் நாய்க்கு 1700தான். ருசி பார்ப்பதெல்லாம் மூக்குதான், சில்லென்று இருந்தால் அதற்கு வாசனையே எழாது. உலர் உணவுப் பையைத் திறந்து வாரக்கணக்கில் வைத்தால் கொழுப்பு கெட்டுச் சிக்கு வாடை அடிக்கும் என்பதால் சின்னப் பையாக வாங்குகிறேன். கிண்ணத்தையும் மாற்றினோம். எவர்சில்வர் விளிம்பில் கழுத்து வில்லை பட்டு டங்கென்று அடிக்கும்போதெல்லாம் மினி பின்வாங்கியது, இப்போது தட்டையான பீங்கான்.

நீ போனில் சொன்னாயே, நாம் சாப்பிடுவதிலேயே பிசைந்து வை, வாசனைக்குச் சாப்பிடும் என்று. சாப்பிடும்தான். ஆனால் வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுவை அழிக்கும், சமைத்தாலும் அப்படித்தான். திராட்சை, உலர்ந்ததானாலும் சரி, சிறுநீரகத்தைக் கெடுக்கும். எண்ணெயும் கொழுப்பும் அதிகமானால் கணையம் வீங்கும். சர்க்கரையில்லாத சூயிங்கத்தில் போடும் சைலிட்டால் இருக்கிறதே, அது இவ்வளவு சின்ன நாய்க்கு ஒரு துண்டுகூட ஆபத்து. மாத்திரை ஏதாவது கொடுக்கலாமா என்று கேட்டாய். பசியைத் தூண்ட நாய்களுக்கென்றே கேப்ரோமொரெலின் என்ற மருந்து இருக்கிறது, 2016-ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். காரணம் தெரிந்த பிறகு தேவைப்பட்டால் பார்க்கலாம் என்றார் டாக்டர், மினிக்குத் தேவைப்படவில்லை. நம் வலி மாத்திரைகளை மட்டும் எந்த நாய்க்கும் யாரும் கொடுத்துவிட வேண்டாம் என்று பக்கத்து வீட்டில் சொல்லி வை.

இப்போது மினி காலைச் சாப்பாட்டை முழுக்கச் சாப்பிடுகிறது. மாலையில் பாதி வைக்கிறது, அதை நாங்கள் கண்டுகொள்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை பாட்டியைப் பார்க்க முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப் போகிறோம், பார்க்க வர அனுமதி உண்டு. அங்கே மட்டும் அவர் கையால் ஒரு பிஸ்கட். அதையும் தாளில் எழுதிவிடுகிறேன்.

அப்பாவுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் வீடியோவில் கூப்பிடும் நேரமும் மினி மாலைச் சாப்பாட்டு நேரமும் ஒன்றாக இருக்கிறது. அவர் "ஏய் மினி" என்று குரல் கொடுத்தால் தட்டை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுகிறது. அந்த மீதிப் பாதிக்கு அவரும் ஒரு காரணம் என்று சொல். உங்களுக்கு ராத்திரி ரொம்ப நேரம் ஆகிவிடும் என்று தெரியும், ஆனாலும் ஒரு அரைமணி நேரம் தள்ளிக் கூப்பிடுங்கள்.

உன் அன்பு மகள்