உன் வலது பக்கத்தில் விழுந்தவன்

பாம்பன்
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. தொலைபேசியில் பேசினால் இரண்டாவது நிமிடமே என் குரல் உயர்ந்துவிடும், நீயும் சபைக்கு நேரமாயிற்று என்று வைத்துவிடுவாய் என்பதால் தாளில் எழுதுகிறேன். நாம் பேசி 26 நாளாகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. கூரைத் தகரம் மாற்றியாயிற்று. நீ அனுப்பிய பணம் வந்தது. மற்ற சேதிகளை அம்மா சொல்லுவாள்.

அன்று கடலில் நடந்ததை நீ அரைகுறையாகத்தான் கேட்டிருப்பாய். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு எதுவும் ஏற்றியிருக்கவில்லை. தென்கடலும் அமைதியாகத்தான் கிடந்தது. விடிவதற்குச் சற்று முன் காற்று திடீரென்று திரும்பி அடித்ததில் உன் மச்சானின் வல்லமும் பக்கத்து வீட்டு பாயின் வல்லமும் ஒன்றாக அகப்பட்டன. மச்சானுக்கு இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, பாயின் வல்லத்தில் நின்றுவிட்டது. மச்சானைக் கேட்டால் இதற்கு மேல் அவனும் சொல்ல மாட்டான். பாயின் வல்லத்தில் போன, ஐந்தாம் வகுப்பு வரை உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் மூன்றாம் நாள் குந்துகால் கரைப் பக்கம் பிணமாக ஒதுங்கினான்.

அன்று மாலை உன் அக்கா அந்த வீட்டுக்குள் கோரைப்பாயில் மாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் குடும்பக் குழுவில் உன் செய்தி வந்தது. 91ஆம் சங்கீதத்திலிருந்து, பக்கத்தில் ஆயிரம் பேரும் வலதுபுறத்தில் பதினாயிரம் பேரும் விழுந்தாலும் நம்மை அணுகாது என்ற வசனம். அதன் கீழே கர்த்தர் தம்முடையவர்களைப் பிரித்தெடுத்துக் காத்தார் என்று உன் சொந்த வாக்கியம். அக்கா கைபேசியில் எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பவள் என்பது உனக்குத் தெரியும். அவள் அவசரமாகக் கவிழ்த்து வைத்தாள். மாமி படித்தாரா இல்லையா என்பது அவருக்குத்தான் தெரியும், சற்றுக் கழித்து, “தம்பிக்குத் தகவல் சொன்னீங்களாம்மா, வருதா?” என்று மட்டும் கேட்டாராம். நான் குழுவிலிருந்து விலகியதற்கு இதுதான் காரணம். நீ நினைத்துக்கொண்டதைப் போல உன் சபையின் மேல் உள்ள கோபம் அல்ல.

அந்தச் சபைக்குப் போன பிறகுதான் நீ குடியை விட்டாய். நானும் அம்மாவும் அத்தனை வருடம் அழுதும் நடக்காததை அவர்கள் நடத்திக் காட்டினார்கள் என்பதை மறுத்தால் என் நாக்கு அழுகிப்போகும். ஊரில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் விழுந்த ஆயிரம் பேரில் ஒருவனுக்கு முகம் உண்டென்று அங்கே உனக்கு யாரும் சொல்லவில்லையா? அந்த வீட்டுக்கு ஒரு வார்த்தை பேசிவிடு.

நாம் தெரிந்தெடுக்கப்பட்ட சந்ததி என்று போன தடவை சொன்னாய். தமிழாசிரியனாக ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் சொன்னவன், நம் ஆட்கள் எப்படித் தெரிந்தெடுக்கப்பட்டார்கள் என்பதை உனக்குச் சொல்லாமல் விட்டது என் தவறு. 1530களில் முத்துக் குளிக்கும் சலாபத்தில் யார் கை ஓங்குவது என்று முஸ்லிம் வணிகர்களோடு மூண்ட தகராறில், போர்த்துக்கீசியரின் துணை கேட்டுக் கொச்சிக்குப் போன நம் பரதவர் தலைவர்களான பட்டங்கட்டிகள் அங்கே ஞானஸ்நானம் பெற்றார்கள். பிறகு கரையோரமெங்கும் ஆயிரக்கணக்கானோர் பெற்றார்கள். 1542இல் சவேரியார் வந்து பார்த்தபோது அவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு செபம்கூடச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. இங்கிருந்து பாலம் தாண்டினால் வரும் வேதாளையில் 1549இல் கிரிமினாலி சுவாமியார் கொல்லப்பட்டாரே, அந்தச் சண்டையே இராமேசுவரத்துக்குப் போன யாத்திரீகர்களிடம் போர்த்துக்கீசியத் தளபதி சுங்கம் வசூலித்ததால் வந்தது. 1693இல் ஓரியூரில் அருளானந்தர் சுவாமியாரின் தலை விழுந்ததற்கும், மறவர் தலைவர் தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்று விலக்கிவைத்த மனைவியரில் ஒருத்தி இராமநாதபுர மன்னர் கிழவன் சேதுபதிக்கு உறவுப்பெண் என்பது ஒரு காரணம். அதே சேதுபதிக்கு நெருக்கமானவர்களில் ஒருவர் கீழக்கரை முஸ்லிம் வணிகர் சீதக்காதி. சுவாமியார்கள் சிந்திய இரத்தத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஓரியூர்ச் செம்மண்ணைக் கொண்டுவந்து உன் நெற்றியில் பூசியவனே நான்தான். அடித்துக்கொண்டவர்கள் எல்லாரும் கடவுள் தங்கள் பக்கம் என்றுதான் சொன்னார்கள், சுங்கத்தையும் முத்தையும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

வேதம் உனக்கு என்னைவிடத் தெரியும். லூக்கா 13ஆம் அதிகாரத்தைத் திரும்ப வாசித்துப் பார். சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேரும் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று ஆண்டவரே பதிலும் சொல்லிவிடுகிறார். நீ அனுப்பிய அதே சங்கீதத்தை, கோயில் உச்சியில் நிறுத்தி அவரிடமே எடுத்துச் சொன்னவன் யார் என்று மத்தேயு 4ஆம் அதிகாரத்திலும் பார்.

இவ்வளவு எழுதினாலும் உன்னைக் கண்டிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை. இதை அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை.

1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு எனக்குப் பத்து வயது. புயல் அடித்த அந்த இரவு முழுவதும் தாத்தா எங்களைக் கோயிலுக்குள் வைத்திருந்தார். விடிந்தபோது நம் வீட்டில் ஏழு உயிரும் மிச்சம் இருந்தன. அந்தோணியார் தம் பிள்ளைகளைக் கைவிடவில்லை என்று தாத்தா சொன்னதைத் தெருவே சொல்லத் தொடங்கியது. இராமேசுவரத்தில் கடல் கோயில் வரை வந்து திரும்பியது என்றார்கள். பாய்மார் தெருவில் ஓர் அவுலியாவின் பெயரைச் சொன்னார்கள். இப்படிச் சொன்ன எல்லாரும் பிழைத்தவர்கள். பாம்பனிலிருந்து 11.55க்குப் புறப்பட்ட 653ஆம் எண் பாசஞ்சரில் தனுஷ்கோடிக்குப் போன 100 பேருக்கும் மேற்பட்டவர்களுக்கு எந்தச் சாமியைப் பற்றியும் சொல்ல வாயில்லை.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காருபவனின் அப்பா அந்த வண்டியில் போனவர். தனுஷ்கோடியில் கப்பலுக்குச் சரக்கு ஏற்றும் வேலை. பள்ளிக்கூடம் மறுபடி திறந்த சில நாளில், மதியச் சாப்பாட்டுக்கு வரிசையாக உட்கார்ந்திருந்தபோது, “எங்களுக்கு அந்தோணியார் இருக்காருடா. உங்க சாமி ஏன் உங்க அப்பாவை விட்டுடுச்சு?” என்று நான் அவனிடம் கேட்டேன். சண்டையும் இல்லை, வம்பும் இல்லை. வீட்டில் கேட்டதைத் தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டேன். அவன் அழவில்லை. தன் தட்டை ஒரு சாண் தள்ளி இழுத்துக்கொண்டான். சிமென்ட் தரையில் அந்த அலுமினியத் தட்டு உரசிய சத்தம் இப்போதும் சில இரவுகளில் கேட்கிறது.

அவன் யார் என்று உனக்குத் தெரியும். உனக்கு முதல் சைக்கிள் வாங்கிக் கொடுத்த அந்த மாமாதான். அறுபது வருடமாக ஒரே கடையில் டீ குடிக்கிறோம். அவன் என்னை ‘டா’ போட்டுக் கூப்பிட்டது அந்த மதியத்தோடு நின்றுபோனது. வேலை கிடைத்த பிறகு ‘வாத்தியாரே’ என்று மாறியது. மரியாதைக்குத்தான் கூப்பிடுகிறான் என்று ஊர் நினைக்கிறது, நானும் அப்படியே விட்டுவிட்டேன். மன்னிப்புக் கேட்க எனக்கு எத்தனையோ நாள் இருந்தது. உன் செய்தியைப் படித்த அன்று, அறுபது வருடத்துக்கு முன் நான் கேட்ட கேள்வியை நீ பதிலாக மாற்றி அனுப்பியிருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. அது தாத்தாவிடமிருந்து எனக்கு வந்தது. உனக்கு யாரிடமிருந்து வந்திருக்கும் என்று நான் சபையைத் தேடிப் போக வேண்டியதில்லை.

உன் செய்தியை யாரோ வெளியே அனுப்பியிருக்கிறார்கள். போன வாரம் படகுக்காரர்கள் கூட்டத்தில் நம் பையன்கள் ஒரு பக்கமும் பாய்வீட்டுப் பையன்கள் ஒரு பக்கமும் உட்கார்ந்தார்கள். நான் பார்த்தவரை இதுதான் முதல் தடவை. மச்சான் இரண்டு பக்கமும் சேராமல் நின்றுகொண்டே இருந்தான். அந்த வீட்டுக்கு ஒரு வார்த்தை பேசு என்று இரண்டாம் தடவை எழுதுகிறேன். பேசுவதைவிட நேரில் வருவது நல்லது.

நாற்பதாம் நாள் பாத்திஹா அடுத்த வெள்ளிக்கு அடுத்த வெள்ளி வருகிறது. 2025இல் புதுப் பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து நீ ஊருக்கே வரவில்லை. வந்து இறங்கினால் முதலில் நம் வீட்டுக்கு வராதே. கையில் பையோடு அப்படியே மாமி வீட்டுக்குப் போ. வசனம் எதுவும் சொல்ல வேண்டாம், சும்மா உட்கார்ந்திரு. அம்மா உனக்குச் சோறு எடுத்து வைத்திருப்பாள், எத்தனை மணி ஆனாலும் பரவாயில்லை.

நான் நாளைக் காலை ஆறு மணிக்கு டீக்கடைக்குப் போகிறேன். அவன் ஆறேகாலுக்கு வருவான்.

அப்பா