டார்ஜிலிங்குக்கு ஒரு காலைப்பொழுது போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளி விடுமுறையை ஒட்டி உங்கள் நாளிதழில் வட இந்தியச் சுற்றுலா விளம்பரங்கள் வரத் தொடங்கிவிட்டன. காசி, கயா, கொல்கத்தா, அப்படியே டார்ஜிலிங். நான் பார்த்த பெரும்பாலான திட்டங்களில் டார்ஜிலிங்குக்கு ஒரே ஓர் இரவுதான் ஒதுக்கியிருக்கிறார்கள். சென்ற தீபாவளிக்குப் பிறகு பினாங்கு ஆயர் ஈத்தாமிலிருந்து நாங்கள் சிலர் சேர்ந்து போனதும் அப்படிப்பட்ட ஒரு பயணம்தான். பயண ஏற்பாட்டாளர்களிடம் என் கோரிக்கை இது: டார்ஜிலிங்குக்கு மூன்று இரவாவது கொடுங்கள். முடியாது என்றால் அந்த ஊரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கொஞ்சம் கணக்குப் பாருங்கள். பாக்டோக்ரா விமான நிலையத்திலிருந்து மலையேறக் குறைந்தது மூன்று மணி நேரம். வழியில் நெரிசல் என்றால் இன்னும் கூடும். நவம்பரில் அங்கே ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. அதனால் போய் இறங்கிய நாளில் எதையும் பார்க்க முடியாது. மறுநாள் விடியற்காலை மூன்றரை மணிக்குக் கதவைத் தட்டி, சூரியோதயம் பார்க்க டைகர் ஹில் குன்றுக்கு அழைத்துப் போகிறார்கள். திரும்பி வந்து பசியாறியதும் நாலைந்து இடங்களில் பத்துப் பத்து நிமிடம். மதியம் கீழே இறங்க வேண்டியதுதான்.

டைகர் ஹில் சுமார் 2,590 மீட்டர் உயரம். வானம் தெளிவாக இருந்தால் 8,586 மீட்டர் உயரமுள்ள கஞ்சன்ஜங்கா, உலகின் மூன்றாவது உயரமான சிகரம், முதல் வெளிச்சத்தில் சிவந்து, பொன்னிறமாகி, பிறகு வெளுப்பதை அங்கிருந்து பார்க்கலாம். எவரெஸ்டின் நுனியும் தூரத்தில் சிறிதாகத் தெரியும். நாங்கள் போன காலையில் மூட்டத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. எங்கள் குழுவில் எழுபதைத் தாண்டிய இரண்டு அக்காமார் இருந்தார்கள். முட்டிவலியோடு அந்தக் குளிரில் நின்றுவிட்டு, ஒன்றும் பேசாமல் வண்டிக்குத் திரும்பினார்கள். “நாளைக்குத் தெரியும் அம்மா” என்று ஓட்டுநர் ஆறுதல் சொன்னார். எங்கள் திட்டத்தில் நாளை என்று ஒன்று இல்லையே!

குழு கீழே இறங்கியபோது, முன்பே பேசி வைத்திருந்தபடி நானும் என் கணவரும் சொந்தச் செலவில் அங்கேயே தங்கிவிட்டோம். மற்றவர்கள் எதையெல்லாம் இழந்தார்கள் என்பது எனக்குத் தெரிந்தது அப்புறம்தான். சௌரஸ்தா சதுக்கத்திலிருந்து அப்சர்வேட்டரி குன்றைச் சுற்றி ஒரு சாலை போகிறது. நிதானமாக நடந்தால் அரைமணி நேரம். ஏற்றம் அதிகமில்லை, உட்கார இடமும் உண்டு. அந்தச் சாலையின் வடபுறத்திலிருந்து, நன்றாக விடிந்த பிறகு, பனிமலை வரிசை முழுவதையும் பார்த்தோம். அந்த அக்காமார் இன்னும் ஒரு நாள் இருந்திருந்தால் பார்த்திருப்பார்கள்.

குன்றின் மேல் மகாகாலர் கோயில். அங்கே இந்துப் பூசாரியும் பௌத்தத் துறவியும் ஒரே சந்நிதியில் வழிபாடு நடத்துகிறார்கள். மரத்துக்கு மரம் வண்ணக் கொடிகள், இந்தப் பக்கம் மணியோசை, அந்தப் பக்கம் மந்திரம். தைப்பூசத்தில் பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குச் சீனர்களும் காவடி எடுத்து வருவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அங்கே அந்நியமாக எதுவும் தோன்றாது.

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பத்மஜா நாயுடு விலங்கியல் பூங்காவுக்கு வியாழக்கிழமை விடுமுறை. சிவப்புப் பாண்டாவும் பனிச்சிறுத்தையும் அங்கேதான் இருக்கின்றன. இமயமலை மலையேற்றப் பயிற்சிக் கழகமும் அதே வளாகத்துக்குள் இருப்பதால் அன்று அதையும் பார்க்க முடியாது. எங்கள் குழுவுக்குக் கிடைத்த ஒரே நாள் வியாழன். ஏற்பாடு செய்தவர்கள் நாள்காட்டியை ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

மறுநாள் நாங்கள் இருவர் மட்டும் போனோம். 1953 மே 29 அன்று ஹிலாரியோடு எவரெஸ்ட் உச்சியில் நின்ற டென்சிங் நோர்கே டார்ஜிலிங்கில் வாழ்ந்தவர். 1954இல் தொடங்கிய இந்தக் கழகத்தில் களப்பயிற்சிக்கு முதல் இயக்குநராக இருந்தவரும் அவரே. 1986இல் அவர் இறந்தபோது இந்த வளாகத்தில்தான் தகனம் செய்தார்கள். சிலையும் இருக்கிறது. அருங்காட்சியகத்தில் அந்தக் காலத்து மலையேற்றக் கருவிகளைப் பார்த்தபோது, 1997 மே 23 அன்று எவரெஸ்டில் மலேசியக் கொடியை முதன்முதலாக ஏற்றிய நம் எம். மகேந்திரனும் என். மோகனதாஸும்தான் என் நினைவுக்கு வந்தார்கள். அந்தச் செய்தி வந்த வாரம் என் வகுப்புப் பிள்ளைகள் மேசைமேல் ஏறி நின்று கை தூக்கிக் காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப் போனால் இந்த இடத்தில் அரை நாள் இருக்க விடுங்கள். அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

டார்ஜிலிங்கின் மலைச் சிறுரயிலை எங்கள் குழு நிலையத்தில் நின்று படம் பிடித்ததோடு சரி. 1881இல் ஓடத் தொடங்கிய ரயில் அது. தண்டவாளத்தின் அகலம் இரண்டே அடி. 1999இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நம் பினாங்குக் கொடிமலை ரயிலைக் கம்பிவடம் இழுக்கிறது. இந்த ரயில் வளைந்து வளைந்தும், சில இடங்களில் பின்னோக்கிப் போய் மறுபடி முன்னேறியும் தன் பலத்திலேயே மலையேறுகிறது. டார்ஜிலிங்கிலிருந்து கூம் வரை போய்த் திரும்பும் பயணத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் ஆகும். கூம், 2,258 மீட்டரில், இந்தியாவிலேயே உயரமான ரயில் நிலையம். வழியில், பாதை வட்டமாகச் சுற்றி வரும் படாசியா வளையத்தில் கொஞ்ச நேரம் நிற்கும். கடைவாசல்களை உரசுவதுபோல் ரயில் போகும்போது பெரியவர்கள்கூடச் சிறுபிள்ளைகளாகி விடுகிறார்கள். சீட்டு சீக்கிரம் விற்றுவிடும் என்பதால், இங்கிருந்து கிளம்புமுன்பே பதிவு செய்ய வேண்டும்.

தேயிலை விஷயமும் அப்படித்தான். குழுவைக் கடைக்கு அழைத்துப் போய்ப் பொட்டலம் வாங்க வைத்தார்கள். தோட்டத்தை யாரும் காட்டவில்லை. ஊருக்குச் சற்றுக் கீழேயே 1854இல் உண்டான ஹேப்பி வேலி தோட்டம் இருக்கிறது. என் அம்மா கேமரன் மலையில் கொழுந்து பறித்தவர். நேப்பாளி பேசும் பெண்கள் கூடைக் கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு அந்தச் சரிவில் இறங்குவதைப் பார்த்தபோது என்னால் அங்கிருந்து நகர முடியவில்லை. அவர்களுடைய மொழி எனக்குத் தெரியாது. அம்மாவின் படத்தைக் கைப்பேசியில் காட்டினேன். ஒரு மூதாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். பறிப்பு மார்ச்சில் தொடங்கி நவம்பரோடு ஓய்ந்துவிடும். இதைப் பார்க்க விரும்புகிறவர்கள் டிசம்பர் வரை தள்ளிப்போட வேண்டாம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே மழைக்காலம். மலையும் தெரியாது, பாதையில் மண்சரிவும் உண்டு. அந்த மாதங்களில் ‘கஞ்சன்ஜங்கா தரிசனம்’ என்று விளம்பரம் செய்வதை நிறுத்த வேண்டும். மேலும், டார்ஜிலிங்கில் எந்தக் கிழமை என்பதை விளம்பரத்திலேயே போடச் சொல்லி உங்கள் விளம்பரப் பிரிவு கேட்கலாம்.

மூன்று இரவுத் திட்டம் வைத்திருக்கும் ஏற்பாட்டாளர் யாராவது இருந்தால் இந்தப் பகுதியிலேயே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். கட்டணம் சில நூறு மலேசிய வெள்ளி கூடினாலும் பரவாயில்லை. அந்த இரண்டு அக்காமாரும் இன்னொரு முறை வரத் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
ஆயர் ஈத்தாம், பினாங்கு