லிங்கனிலிருந்து ஒரு கடிதம்: வெளியூர் ஆட்டத்துக்கு முந்தைய இரவு

லிங்கன், நெப்ராஸ்கா
15 பிப்ரவரி 2014, சனிக்கிழமை இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கு நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போன வாரம் தொலைபேசியில் பேசியபோது எங்கள் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி எப்படி ஆடுகிறது என்று கேட்டீர்கள். நான் "பரவாயில்லை" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். முப்பது ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்த உடற்கல்வி ஆசிரியருக்கு அது போதுமான பதில் இல்லை என்று, போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நாளை எங்கள் அணி மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அரங்கில் ஆடுகிறது. இந்தப் பருவம் தேறுமா தேறாதா என்பது அந்த ஆட்டத்தில் ஏறத்தாழ தெரிந்துவிடும். எனவே இன்றிரவே உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் இந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெப்ராஸ்கா, அமெரிக்கக் கால்பந்துக்கு நேர்ந்துவிட்ட மாநிலம். எங்கள் பல்கலைக்கழகத்தின் மெமோரியல் ஸ்டேடியத்தில் 1962-ஆம் ஆண்டிலிருந்து ஒரு கால்பந்து ஆட்டத்துக்கும் டிக்கெட் மிஞ்சியதில்லை. ஆட்ட நாளில் அங்கே கூடும் 85,000-க்கும் மேற்பட்டவர்களைக் கணக்கில் எடுத்தால் அந்த மைதானமே மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊர் என்று பெருமையாகச் சொல்வார்கள். கூடைப்பந்தோ இந்த வீட்டில் மாற்றாந்தாய்ப் பிள்ளை. நாட்டின் சிறந்த கல்லூரி அணிகள் மார்ச் மாதத்தில் மோதும் என்.சி.ஏ.ஏ. போட்டிக்கு இந்த அணி இதுவரை ஆறே முறைதான் போயிருக்கிறது. ஆறு முறையும் முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பியிருக்கிறது. கடைசியாகப் போனது 1998-இல். பெரிய கூட்டமைப்புகளைச் சேர்ந்த அணிகளில் அங்கே போயும் ஓர் ஆட்டம்கூட வெல்லாதது இது ஒன்றுதான் என்பதை, நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்கார அம்மா, குடும்பத்தில் தொடர்ந்து வரும் நோயைப் பற்றிச் சொல்வதுபோலத் தாழ்ந்த குரலில் எனக்குச் சொன்னார்.

கூட்டமைப்பு என்று எழுதினேன். இங்கே கான்ஃபரன்ஸ் என்பார்கள். எங்களுடையது 'பிக் டென்'. பெயரில் பத்து இருந்தாலும் இப்போது அதில் பன்னிரண்டு பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. பெயரை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை போலிருக்கிறது. நெப்ராஸ்கா 2011-இல்தான் இதில் சேர்ந்தது. ஒவ்வோர் அணியும் கூட்டமைப்புக்குள் 18 ஆட்டங்கள் ஆட வேண்டும். பாதி சொந்த அரங்கில், பாதி எதிரணியின் அரங்கில். பெரியகுளத்தில் மே மாதம் நடக்கும் அகில இந்தியப் போட்டியைப் போல எல்லா அணிகளும் ஒரே மைதானத்துக்கு வந்து, ஒரே வெயிலில் வெந்து, ஒரே கூட்டத்தின் முன்னால் ஆடும் ஏற்பாடு இது இல்லை. இந்த வேறுபாட்டை நான் இங்கே வந்த பிறகுதான் சரியாகப் புரிந்துகொண்டேன்.

டிசம்பர் கடைசி நாளில் தொடங்கி முதல் நான்கு கூட்டமைப்பு ஆட்டங்களிலும் தோற்றோம். ஜனவரி 4-ஆம் தேதி ஒஹாயோ ஸ்டேட் தன் அரங்கில் எங்களை 84-53 என்று துவைத்து எடுத்தது. ஐந்து நாள் கழித்து இங்கே மிச்சிகன் அணியிடம் 71-70 என்று ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம். அந்த ஆட்டத்துக்கு நானும் போயிருந்தேன். முடிந்த பிறகு பதினைந்தாயிரம் பேரும் ஒருவரோடொருவர் பேசாமல் பனிக்குள் இறங்கி நடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. இனி யாரும் வர மாட்டார்கள் என்றே நினைத்தேன். ஆனால், சென்ற ஆண்டுதான் திறந்த அந்தப் புதிய அரங்கு அடுத்த ஆட்டத்துக்கும் நிரம்பியது. ஜனவரி 20-ஆம் தேதி அதே ஒஹாயோ ஸ்டேட் இங்கே வந்தபோது 68-62 என்று வென்றோம்.

அப்பா, இதைத்தான் உங்களிடம் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அதே ஐந்து பேர், அதே எதிரணி, இடையில் பதினாறே நாள். அங்கே 31 புள்ளி வித்தியாசத்தில் தோற்றவர்கள் இங்கே 6 புள்ளியில் வெல்கிறார்கள். இதுவரை ஆடிய 11 கூட்டமைப்பு ஆட்டங்களில் ஐந்து வெற்றி, ஆறு தோல்வி. அவற்றைப் பிரித்துப் பார்த்தால், சொந்த அரங்கில் ஐந்துக்கு நான்கு, வெளியூரில் ஆறுக்கு ஒன்று. அந்த ஒன்றும் சென்ற சனிக்கிழமை நார்த்வெஸ்டர்னில் 53-49 என்று தட்டுத்தடுமாறிப் பெற்றது. அதற்கு மூன்று நாள் முன்னால் மிச்சிகனில் 79-50 என்று தோற்றிருந்தோம்.

உங்கள் பிள்ளைகளைத் திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் விடியற்காலைப் பேருந்தில் அழைத்துப் போகும்போது, பாதிக் கால்கள் பேருந்திலேயே தங்கிவிடும் என்று சொல்வீர்கள். இவர்கள் விமானத்தில் போகிறார்கள், நல்ல விடுதியில் தூங்குகிறார்கள். ஆகவே கால்கள் காரணம் இல்லை. நான் கவனித்த வரையில், எதிரணி தொடர்ந்து எட்டுப் புள்ளி எடுக்கும்போது எழும் இரைச்சலில்தான் இவர்கள் கலைந்துபோகிறார்கள். பயிற்சியாளர் கத்துவது கேட்காமல், அவரவர் தனியாக ஆட்டத்தை மீட்க முயன்று, இரண்டாவது பாஸுக்கே இடமில்லாமல் அவசரமாகக் கூடையை நோக்கி எறிகிறார்கள். கல்லூரி ஆட்டத்தில் எறிவதற்கு 35 விநாடி நேரம் உண்டு. நமக்குப் பழகிய 24 விநாடியைவிட அது அதிகம். அதில் பத்து விநாடிகூடப் பயன்படுத்தாமல் எறிபவர்களைப் பார்க்கும்போது உங்கள் விசில் நினைவுக்கு வருகிறது.

இன்னொரு விதி உங்களுக்குப் பிடிக்கும். இருபது நிமிடப் பாதி ஒன்றில் எதிரணி ஏழாவது ஃபவுல் செய்ததும் நமக்கு ஃப்ரீ த்ரோ கிடைக்கும். ஆனால் முதல் எறி விழுந்தால்தான் இரண்டாவது உண்டு. பத்தாவது ஃபவுலுக்குப் பிறகே இரண்டும் உறுதி. வளையத்துக்குப் பின்னால் ஆயிரம் மாணவர்கள் கையை ஆட்டிக்கொண்டு ஊளையிடும்போது அந்த முதல் எறியை எறிபவனுக்குப் பத்தொன்பது, இருபது வயதுதான். இவர்களுக்குச் சம்பளம் கிடையாது. படிப்பும் தங்குமிடமும் சாப்பாடும் மட்டுமே இலவசம்.

அணியில் இரண்டு பேரைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். டெரான் பெட்டவே டெக்சாஸின் கால்வெஸ்டன்காரர். வேறு பல்கலைக்கழகத்திலிருந்து மாறி வந்ததால், விதிப்படி சென்ற ஆண்டு முழுவதும் பயிற்சி மட்டும் செய்துகொண்டு ஆடாமல் உட்கார்ந்திருந்தார். இப்போது புள்ளிகளில் பெரும்பங்கு அவர் கையில்தான். ஷவோன் ஷீல்ட்ஸ், இந்தப் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணியில் 1992-இல், நாட்டின் சிறந்த முன்வரிசை வீரருக்கான அவுட்லாண்ட் விருது வாங்கிய வில் ஷீல்ட்ஸின் மகன். கால்பந்து வீட்டுப் பிள்ளை கூடைப்பந்துக்கு வந்ததை இங்கே பலர் நல்ல சகுனமாக எடுத்துக்கொள்கிறார்கள். பயிற்சியாளர் டிம் மைல்ஸ் இரண்டு ஆண்டுக்கு முன் வந்தவர். இடைவேளையில் உடைமாற்றும் அறையிலிருந்தே ட்விட்டரில் செய்தி போடுகிறவர். உங்களுக்கு அது பிடிக்காது, எனக்கும் முதலில் பிடிக்கவில்லை.

நாளைய எதிரணி நாட்டில் ஒன்பதாம் இடத்தில் இருக்கிறது. மேஜிக் ஜான்சன் 1979-இல் பட்டம் வென்று கொடுத்த பல்கலைக்கழகம் என்றால் உங்களுக்கு உடனே தெரியும். 1995-இலிருந்து டாம் இஸ்ஸோதான் அங்கே பயிற்சியாளர். 2000-இல் பட்டம் வென்றார், ஆறு முறை கடைசி நான்கு அணிகளுக்குள் கொண்டுபோயிருக்கிறார். அவர்களுடைய முக்கிய வீரர் ஒருவர், பழைய ஆட்டத்தின் வீடியோவைப் பார்க்கும்போது தன்மேல் வந்த ஆத்திரத்தில் மேசையை அடித்துக் கை எலும்பை முறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இதை நான் கட்டிச் சொல்லவில்லை. அப்படியிருந்தும் இங்கே என் ஆய்வகத்தில் ஒருவரும் நாங்கள் வெல்வோம் என்று சொல்லவில்லை. தோற்றால் ஐந்து வெற்றி, ஏழு தோல்வி; மார்ச் மாதப் போட்டியைப் பற்றிய பேச்சு அத்தோடு முடியும். வென்றால் ஆறு வெற்றி, ஆறு தோல்வி; மீதமுள்ள ஆறில் நான்கு ஆட்டம் இங்கே.

நள்ளிரவாகிவிட்டது. வெளியே குளிர் சுழியத்துக்கு வெகு கீழே. முடிவு தெரிந்ததும் தொடர்கிறேன். தம்பியிடம் சொல்லி இணையத்தில் பார்த்துவிடாதீர்கள் என்று கேட்கலாம் என்று நினைத்தேன், ஆனால் இந்தக் கடிதம் வந்து சேர இரண்டு வாரம் ஆகும், அதற்குள் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

16 பிப்ரவரி, ஞாயிறு இரவு

வென்றுவிட்டோம், அப்பா. 60-51.

வீட்டுக்கார அம்மா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, கென்ட் பவெல்காவின் வானொலி வர்ணனையை வைத்துக்கொண்டார். படம் ஓரிடத்திலும் குரல் ஓரிடத்திலுமாக ஓடியதில், பந்து வளையத்தில் விழுவதற்கு முன்னாலேயே எங்களுக்குச் செய்தி வந்துவிட்டது. பெட்டவே 23 புள்ளிகள் எடுத்தார், வால்டர் பிட்ச்ஃபோர்ட் 18. ஆனால் நான் எண்ணிக்கொண்டிருந்தது புள்ளிகளை இல்லை. அந்த அரங்கு எழுந்து நின்று இரைந்தபோதெல்லாம் இவர்கள் பந்தை எடுத்துக்கொண்டு மெதுவாக நடந்தார்கள், நான்கு கை மாற்றினார்கள், பிறகு எறிந்தார்கள். மிச்சிகன் ஸ்டேட் போன்ற அணியை அதன் வீட்டிலேயே 51-இல் நிறுத்தியது தடுப்பாட்டத்தால்தான். கடைசி விநாடிகளில் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, சத்தமே போடாமல் இருந்தார். முடிந்ததும் எழுந்து போய்ச் சூப்பைச் சூடு பண்ணினார்.

அடுத்த ஆட்டம் வியாழக்கிழமை, இங்கே, பென் ஸ்டேட்டோடு. டிக்கெட் கிடைக்குமா என்று நாளை காலையில் விசாரிக்க வேண்டும். பதினாறு நாள் புதிருக்கு உங்கள் விடை என்ன என்று அவசியம் எழுதுங்கள். மே மாதப் போட்டிக்கு இந்த முறை எந்தெந்த அணிகள் வருகின்றன என்று தெரிந்தாலும் எழுதுங்கள்.

அம்மாவுக்கு என் அன்பு. தம்பி தேர்வுக்கு ஒழுங்காகப் படிக்கிறானா?

உங்கள் அன்பு மகன்