கொல்வதெல்லாம் மருந்தா?

ஆசிரியருக்கு வணக்கம்.

நம் குமரி மாவட்டத்து மருந்துவாழ் மலை மூலிகையில் 'புற்றுநோய்க்கு மருந்து' என்று உங்கள் பேப்பரில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். உள்ளே படித்தால், மெத்தனால் என்ற ஆல்கஹாலில் எடுத்த இலைச்சாறு ஆய்வகத் தட்டில் வளர்த்த புற்றுநோய்ச் செல்களைக் கொன்றது, அவ்வளவுதான். அதைப் பினாயிலும் செய்யும் ஐயா. நல்ல செல்லை விட்டுவிட்டுக் கெட்டதை மட்டும் கொல்கிறதா, எந்த அளவில், சாற்றில் உள்ள எந்தப் பொருள் என்பதெல்லாம் அப்புறம் வருகிற வேலை, அதற்கே பல வருடம் பிடிக்கும்.

எம்.எஸ்சி. படிக்கும்போது நானும் இந்த வேலையைக் கொஞ்சம் பார்த்தவள். நாகர்கோவிலில் இரண்டு நாட்டு மருந்துக் கடைகளில் காய்ந்த கீழாநெல்லி வாங்கி, சாறெடுத்து, அதில் உள்ள பொருள்கள் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிய சிலிக்கா பூசிய தகட்டில் ஓட்டினேன். கீழாநெல்லியில் இருக்க வேண்டிய 'ஃபில்லாந்தின்' என்ற பொருளுக்கான புள்ளி ஒரு கடைச் சரக்கில் பளிச்சென்று வந்தது, மற்றதில் மருந்துக்குக்கூட இல்லை. நான்தான் எங்கோ சொதப்பிவிட்டேன் என்று மூன்று நாள் திரும்பத் திரும்பச் செய்தேன். கடைசியில் எங்கள் பேராசிரியை மீதிக் கட்டைத் தாளில் கொட்டி லென்ஸ் வைத்துப் பார்த்தார். பாதிக்கு மேல் சிவப்புக் கீழாநெல்லி, பார்க்க அதேபோல் இருக்கும் வேறு செடி! காய் வழவழவென்று இல்லாமல் சொரசொரவென்று, காம்பே தெரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. செடியை அழுத்திக் காயவைத்து, தாளில் ஒட்டி, எண் போட்டு ஹெர்பேரியம் என்ற உலர்செடிக் காப்பகத்தில் வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

அப்புறம் இந்த மெத்தனால். நம் வீட்டுக் கஷாயம் தண்ணீரில் கொதிப்பது, இரண்டிலும் ஒரே பொருள் இறங்கும் என்று யார் சொன்னது? சீனாவில் தூ யூயூ என்ற ஆராய்ச்சியாளர் மலேரியாவுக்கு மருந்து தேடியபோது, ஒரு செடியைச் சூடாக்கி எடுத்த சாறு சரியாக வேலை செய்யவில்லை. பழைய ஏடு ஒன்றில் அந்தச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்ததைப் பார்த்துத்தான் குறைந்த சூட்டில் ஈதர் என்ற கரைப்பானைக் கொண்டு எடுத்தார், ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்து கிடைத்தது, 2015-இல் நோபல் பரிசும் வந்தது. கொதிக்க வைத்தே குடித்துக்கொண்டிருந்தால் அந்தச் செடி எதற்கும் ஆகாது என்றுதான் நினைத்திருப்போம்.

எனவே இதுபோன்ற செய்தியில் தாவரவியல் பெயர், இலையா வேரா, எதில் சாறெடுத்தது, சோதித்தது செல்லிலா எலியிலா மனிதரிலா என்று இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள், இடமில்லை என்றால் தலைப்பைச் சின்னதாக்குங்கள்.

செய்தி வந்த ஞாயிற்றுக்கிழமை மலையேறப் போயிருந்தேன். பை நிறையச் செடி பிடுங்கிக்கொண்டு மூன்று பேர் இறங்கி வந்தார்கள். என்ன செடி என்று கேட்டதற்கு, "பேப்பர்ல படம் போட்டிருந்தாங்களே" என்றார் ஒருவர். நீங்கள் போட்ட படம் தீப்பெட்டி அளவு. பையில் இருந்தது தும்பை.

ஒரு வாசகி,
தக்கலை