நள்ளிரவில் தனுஷ்கோடிக்குத் தனியாகப் போகும் நாயகிக்காக ஒரு மடல்

மாத நாவல் எழுதுகிறவர்களுக்கும், அவற்றைப் பதிப்பிக்கிறவர்களுக்கும், இணையத்தில் தொடர்கதை எழுதுகிறவர்களுக்கும் இராமநாதபுரம் கடற்கரை வாசகிகளின் வணக்கம்.

காதலும் மர்மமும் கலந்த கதை என்றால் எங்கள் கரையைத் தேடி வருகிறீர்கள். அதில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வரும். நாயகி யாரிடமும் சொல்லாமல், சார்ஜ் தீரப்போகும் போனோடு, தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்துக்கு நள்ளிரவில் தனியாகப் போவாள். நாயகன் வந்து காப்பாற்றுவான். வாசகிக்கு அங்கே பயம் வருவதில்லை, நாயகி மேல் கோபம்தான் வருகிறது.

முதலில், அவளால் அங்கே அவ்வளவு எளிதில் போக முடியாது. பொழுது சாய்ந்த பிறகு வெளியூர் வண்டிகளைச் சோதனைச் சாவடியில் விடமாட்டார்கள். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு வாழத் தகுதியற்ற ஊர் என்று அறிவித்தாலும், மீனவக் குடும்பங்கள் இன்றும் அங்கே குடிசை போட்டு இருக்கின்றன. ஒருத்தி அலறினால் நாலு பேர் டார்ச்சோடு எழுந்து வருவார்கள்.

ஆபத்து என்று தெரிந்தும் ஒரு பெண் போவாள், போயே தீரவேண்டிய காரணம் இருந்தால். அவளை அனுப்புவதற்கு முன் அவளுக்கு இருக்கும் மற்ற வழிகளை ஒவ்வொன்றாக நீங்கள் அடைத்தாக வேண்டும். அவசர உதவிக்கு 112 இருக்கிறது. பெண்களுக்கு 181, கடலோரக் காவல்துறைக்கு 1093 இருக்கின்றன. அண்ணன், பக்கத்து வீட்டு அக்கா, வத்தை என்ற சிறு படகு வைத்திருக்கும் மாமா எல்லாரும் இருக்கிறார்கள். இத்தனை பேரில் ஒருவரும் ஏன் உதவவில்லை என்பதற்குக் கதைக்குள்ளேயே பதில் வேண்டும். போன் செத்துவிட்டது என்பது மிகப் பலவீனமான பதில். தனுஷ்கோடியின் கோடியிலுள்ள அரிச்சல்முனையில் சில நேரம் இலங்கை டவர் சிக்னல்தான் கிடைக்கும். ரோமிங் இல்லாத சிம் என்றால் திரையில் கோடுகள் நிறைந்திருக்கும், வீட்டுக்கு அழைப்பு போகாது. இந்த ஊருக்கே உரிய இப்படி ஒரு காரணத்தை வாசகி நம்புவாள்.

அதைவிட வலுவான காரணம், போலீசுக்குப் போனால் தன் வீட்டு ஆளே மாட்டிக்கொள்வான் என்பது. கடல் அட்டை என்ற கடல் உயிரினத்தைப் பிடிக்க வனவிலங்குச் சட்டத்தில் 2001 முதல் தடை இருக்கிறது. குடலை எடுத்து, அண்டாவில் அவித்து, மணலில் புதைத்து, மேல்தோல் இளகியதும் கழுவி, மறுபடி அவித்துக் காயவைப்பார்கள். காய்ந்த பின் எடை பத்தில் ஒரு பங்குகூட நிற்காது. அந்த அவியல் வாடை கருவாட்டு வாடை அல்ல. கரையில் வளர்ந்தவளுக்கு அது தெரியும். தன் வீட்டுக் கொல்லையிலேயே அந்த வாடை அடித்தால் அவள் யாரிடம் சொல்வாள்? நாயகன் வனத்துறை அலுவலர் என்றால் அந்தக் காதலுக்கு உண்மையான தடை வந்துவிட்டது, வில்லனின் சிரிப்பு தேவையில்லை.

நாயகனின் வேலையைச் சொல்லும்போதும் கவனம் வேண்டும். கடலோரக் காவல் படை மத்திய பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருவது. கடலோரப் பாதுகாப்புக் குழுமம் தமிழ்நாடு காவல்துறையின் பிரிவு. இவை தவிரக் கடற்படை, சுங்கத்துறை, வனத்துறை, காவல்துறையின் உளவுப் பிரிவான க்யூ பிரிவு என்று தனித்தனியாக இருக்கின்றன. ஒரு டிஎஸ்பி போனில் உத்தரவிட்டதும் மண்டபம் கடற்கரையிலிருந்து காவல் படைக் கப்பல் கிளம்பிவிடாது.

நாயகன் நாயகியை நாள்கணக்கில் பின்தொடர்வதைக் காதல் என்று எழுதுகிறீர்கள். அவள் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து பேச முயன்றால், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவில் அது குற்றம். குற்றத்தைத் தடுக்கவோ கண்டுபிடிக்கவோ அரசு ஒப்படைத்த பொறுப்பில் இருப்பவருக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. உங்கள் நாயகன் அந்த விலக்கில் வருகிறவன் என்றால், உண்மை தெரியும் நாளில் அவள் கொதிக்கட்டும். இரண்டே பக்கத்தில் சமாதானமாக வேண்டாம். அந்தக் கோபத்துக்கு ஒரு முழு அத்தியாயம் தகும். அதேபோல, சாட்சியான பெண்ணை, அவளாக வர ஒப்புக்கொண்டால் தவிர, அவள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். சூரியன் மறைந்த பின் ஒரு பெண்ணைக் கைது செய்வது விதிவிலக்கான சூழலில் மட்டுமே. அப்போதும் பெண் அதிகாரியும் நீதித்துறை நடுவரின் முன் அனுமதியும் வேண்டும். நாயகி வக்கீலாக இருந்தும் ராத்திரியில் ஜீப்பில் பேசாமல் ஏறினால், அவள் படித்த படிப்பை நீங்களே மறந்துவிட்டீர்கள் என்று பொருள். அவளை ஏறச் சொல்கிற அதிகாரிமேல் அவளுக்குச் சந்தேகம் எழட்டும். உங்களுக்கு அங்கே ஒரு துப்பு கிடைக்கும்.

கடலை இன்னும் நிதானமாக எழுதுங்கள். தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்போம், வடக்கே பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்போம். ஆனி, ஆடியில் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும்போது தெற்கு கொந்தளிக்கும், வடக்கு ஓரளவு அடங்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வந்தால் நிலைமை மாறும். ஆடி மாதத்தில் சேலையோடு தெற்கே குதித்து நீந்தித் தப்பிக்கிற நாயகியை இங்கே சின்னப் பிள்ளைகூட நம்பாது. ஐந்தரை மீட்டர் துணி நனைந்து காலைச் சுற்றிக்கொள்ளும். உரையாடலிலேயே இதைச் சொல்லிவிடலாம்:

"அண்ணே, தெக்க எறங்கலாமா?"

"கச்சான் ஏறுது தங்கச்சி. வடக்கப் போ."

விசைப்படகைத் திருடித் தப்பிக்கும் காட்சியும் அப்படித்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அப்போது ஒரு விசைப்படகின் சத்தம் கேட்டாலே ஊர் திரும்பிப் பார்க்கும். மற்ற நாளிலும் ராமேஸ்வரத்துப் படகுகள் கரையைவிட்டுத் தள்ளி நங்கூரத்தில் நிற்கும். சின்ன வத்தையில் போய்த்தான் ஏறவேண்டும். நங்கூரம் தூக்கி, எஞ்சினைக் கிளப்பி, சுக்கான் பிடிக்க ஒருத்தியால் ஆகாது. பாம்பன் ரயில் பாலம் இரண்டாகப் பிளந்து திறப்பதும் பழைய கதை. 2025 ஏப்ரல் 6-க்குப் பிறகு நடக்கும் கதையென்றால் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி அப்படியே நேராக மேலே எழும்பும்.

மயக்க மருந்துக் கைக்குட்டையை விட்டுவிடுங்கள். குளோரோபார்ம் நொடியில் மயக்காது, சில நிமிடங்களாவது பிடிக்கும். தலையில் அடிபட்டு மணிக்கணக்கில் நினைவிழந்தவள் எழுந்ததும் ஓடமாட்டாள். வாந்தி எடுப்பாள், நடந்தது மறந்திருக்கும். அவளுக்கு மருத்துவமனைதான் வேண்டும்.

பாம்பன் அருகே சின்னப்பாலத்துப் பக்கம் கடற்பாசி எடுக்கும் பெண்களைப் பாருங்கள். விரலில் துணி சுற்றி, காலில் ரப்பர் செருப்பு மாட்டி, கண்ணாடி போட்டு, மூச்சடக்கிப் பாறைக்கடியில் இறங்குவார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் எவ்வளவு வற்றும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். அப்படி ஒருத்தியை நாயகியாக்கினால், துரத்துகிறவனை அவன் கால் கிழியும் பாறைக்கு இழுத்துப்போக அவளுக்குத் தெரியும். ஆனால் கரையேறியதும் ஒரு கோர்ட் தாளைப் படித்துப் புரிந்துகொள்ள அவளுக்கு இன்னொருவர் துணை வேண்டியிருக்கலாம். அந்த ஒருவர் நாயகனாக இருக்கட்டும். ஒருத்திக்கு எது தெரியும், எது தெரியாது என்று முதல் அத்தியாயத்திலேயே தீர்மானித்துவிட்டால், கடைசி அத்தியாயத்தில் அவளை அசடாக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு வராது.

பதிப்பாசிரியர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு அத்தியாயத்தின் ஓரத்திலும் நான்கு விவரம் எழுதித் தரச் சொல்லுங்கள்: என்ன மாதம், என்ன திதி, எந்தக் காற்று, நாயகி எங்கே போகிறாள் என்பது யாருக்குத் தெரியும். நான்காவது இடம் காலியாக இருந்தால் அந்த அத்தியாயத்தை எழுதியவருக்கே திருப்பி அனுப்புங்கள்.

அன்புடன்,
இராமநாதபுரம் கடற்கரை வாசகிகள் சிலர்