கிளப் வரலாற்று மலருக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

வணக்கம்.

நம் பாய்மரப் படகு கிளப்பின் வரலாற்று மலர் அச்சாகி வந்துவிட்டது. கூட்டக் குறிப்பேடுகளை மட்டும் வைத்து எழுதியிருந்தால் அது சந்தா பாக்கியும் நிர்வாகிகள் தேர்தலுமாகவே முடிந்திருக்கும். அப்படி ஆகாமல் காப்பாற்றியவர்கள் நீங்கள்தான்.

வீட்டுப் பரணிலிருந்து படங்களை எடுத்துத் தந்த எல்லாருக்கும் முதல் நன்றி. பாதிப் படங்களில் தேதியே இல்லை. இருந்த தேதிகளிலும் சில, பின்னாளில் நினைவிலிருந்து எழுதியவை. ‘பாயில் இருக்கும் சின்னத்தைப் பாருங்கள், அது பொய் சொல்லாது’ என்று வழிகாட்டிய மூத்த பந்தய நடுவர் ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. பின்பக்கம் பென்சிலால் 1965 என்று எழுதியிருந்த ஒரு படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தவர், பாயின் மேல்பகுதியில் லேசர் என்ற பந்தயப் படகு வகையின் கதிர்ச் சின்னத்தைத் தொட்டுக் காட்டினார். படகு வடிவமைப்பாளர் புரூஸ் கிர்பி லேசரை வரைந்தது 1969இல். அது விற்பனைக்கு வந்தது 1971இல். அப்புறம் என்ன, ஓர் அத்தியாயத்தையே திருத்தி எழுதினோம்.

பாய் தைத்த அம்மாவைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். பழைய கணக்குப் புத்தகத்தில் அவர் ‘பாய் பழுது, கூலி’ என்ற ஒற்றை வரி மட்டுமே. பெயர்கூடக் கிடையாது. அவரைத் தேடிப் பிடித்துப் பேச வைத்த பேத்திக்கு எங்கள் நன்றி. பருத்திப் பாயை ஈரத்தோடு சுருட்டினால் பூசணம் பிடித்துவிடும் என்பதால், பந்தயம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகும் பாய்களைக் காயவைத்துக்கொண்டு அவர் காத்திருப்பாராம். பாலியெஸ்டர் துணி வந்த பிறகுதான் அந்த வேலை குறைந்ததாம். கோப்பை வென்றவர்களின் படத்துக்கு முன்பாக அவர் படத்தை வைத்திருக்கிறோம். அதுதான் சரி என்று இப்போதும் நினைக்கிறோம்.

மழையில் மை கரைந்த நேரப் பதிவுத் தாள்களைப் பொறுமையாகப் படித்தெடுத்த மாணவர்களுக்கும் நன்றி. வெவ்வேறு வகைப் படகுகள் ஒன்றாக ஓடிய பந்தயங்கள் அவை. ஓடிய நேரத்தை ஆயிரத்தால் பெருக்கி, அந்தந்தப் படகு வகையின் வேகத்துக்கு ஏற்பத் தரப்படும் போர்ட்ஸ்மவுத் எண்ணால் வகுத்தால்தான் யார் வென்றார் என்பது தெரியும். ஒவ்வொரு வரியையும் மறுபடி கணக்கிட்டார்கள்.

சிறுவர் பிரிவின் முதல் ஆப்டிமிஸ்ட் படகை இத்தனை காலம் கொட்டகையில் பத்திரமாக வைத்திருந்த குடும்பத்துக்கும் நன்றி. கிளார்க் மில்ஸ் 1947இல் ஃபுளோரிடாவின் கிளியர்வாட்டர் ஊரில் வடிவமைத்த படகு இது. எட்டடி பிளைவுட் பலகையில் செய்யவேண்டும் என்பதால் நீளமும் எட்டடிக்குள் நின்றுவிட்டது. பக்கப் பலகையின் உள்புறம், குழந்தைகள் ஆணியால் கீறிய பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. வண்ணம் பூசாமல் அப்படியே விட்டதற்காகவும் சேர்த்தே நன்றி.

அச்சகத்தாருக்கும், கடைசி வாரம் மெய்ப்புப் பார்த்தவர்களுக்கும் நன்றி.

இரவல் வாங்கிய படங்களையெல்லாம் உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டோம். யாருக்காவது வந்து சேரவில்லை என்றால் தயங்காமல் கேளுங்கள்.

அன்புடன்,
மலர்க் குழுவினர்