இடித்த பக்கம் எது என்று சொல்லி விற்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஸ்போர்ட்ஸ் கார்களின் பழைய உதிரிபாகங்களை வாங்குவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாடி பாகங்களையும் சஸ்பென்ஷன் பாகங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி, 'நன்றாகப் பார்த்து வாங்குங்கள்' என்று முடித்துவிட்டார்கள். பார்த்தால் தெரிகிற சாமான் வேறு, பார்த்தாலும் தெரியாத சாமான் வேறு. இரண்டு பேர் உட்காரும் சின்ன ஸ்போர்ட்ஸ் காரான மாஸ்டா எம்எக்ஸ்-5-இல் ஓடாத வண்டிகளைப் பிரித்து விற்பது என் பிழைப்பு என்பதால் அந்த வண்டியை வைத்தே சொல்கிறேன்.

1989-இல் வந்த முதல் தலைமுறை வண்டியில் பானட் அலுமினியம், முன் சக்கரத்தை மூடும் பெண்டர் இரும்புத் தகடு. பெண்டர் மேல் ஒரு காந்தத்தை ஓட்டிப் பார்த்தால், பட்டி கனமாகப் பூசிய இடத்தில் பிடி தளர்ந்துவிடும். பானட்டில் காந்தம் எப்படியும் ஒட்டாது. அதற்கு விளக்கைச் சாய்வாக அடித்து, டிங்கரிங் செய்த அலை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பெயிண்டின் கம்பெனிக் குறியீட்டு எண் ஒன்றுதானே என்று நம்பி வாங்குகிறார்கள். வருஷக்கணக்காக வெயிலில் நின்ற சிவப்பையும் கூரைக்குள் நின்ற சிவப்பையும் பக்கத்தில் வைத்தால் அக்கா தங்கை என்றுகூடச் சொல்ல முடியாது. அப்புறம், இரண்டாம் தலைமுறையில் மேலெழும் ஹெட்லைட் போய்விட்டதால் அதன் பெண்டரும் பானட்டும் பழைய வண்டிக்குச் சேராது. ஹார்ட்டாப், அதாவது கழற்றி மாட்டும் கெட்டிக் கூரை, மட்டும் இரண்டுக்கும் உட்காரும். இதிலெல்லாம் ஏமாந்தால் காசு போகும், அவ்வளவுதான்.

சஸ்பென்ஷன் அப்படியில்லை. இந்த வண்டியில் நான்கு சக்கரத்தையும் வண்டியோடு இணைக்க மேலே ஓர் ஆர்ம், கீழே ஓர் ஆர்ம் (லோயர் ஆர்ம்). சக்கரத்தில் பக்கவாட்டாக அடி வாங்கிய வண்டியின் லோயர் ஆர்ம் சில மில்லிமீட்டர்தான் வளைந்திருக்கும். கழுவி, கறுப்புப் பெயிண்ட் அடித்துப் படம் எடுத்தால் புதுசு மாதிரி பளபளக்கும். மாட்டி அலைன்மென்ட்டுக்குக் கொண்டுபோன பிறகுதான் வண்டவாளம் தெரியும்: சாய்வைச் சரிசெய்யும் கேம் போல்ட்டைக் கடைசிவரை திருப்பினாலும் கேம்பர், அதாவது சக்கரத்தின் உள்-வெளிச் சாய்வு, அளவுக்குள் வராது. இது பரவாயில்லை என்பேன், கோளாறு பட்டறையிலேயே தெரிந்துவிடுகிறதே. சிலர் வளைந்ததைக் காய்ச்சி நிமிர்த்தி விற்கிறார்கள். அதில் அலைன்மென்ட் அளவெல்லாம் சரியாக வரும், இரும்பின் பலம்தான் போயிருக்கும். ஒரு நாள் வேகமாகத் திரும்பும்போது அது உடைந்தால் ஓட்டுகிறவர் என்ன செய்வார்?

அதனால் துருவும் அழுக்கும் அப்படியே இருக்கிற ஆர்மைத்தான் நான் வாங்குவேன், விற்பதும் அப்படித்தான். வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசல் இருந்தால் பெயிண்ட் அதை மூடிவிடும். ஷாக் அப்சார்பரையும் கழுவக் கூடாது. எண்ணெய்க் கசிவுக்கு அந்த அழுக்குதான் சாட்சி. கேஸ் ஷாக் என்றால் ராடை அழுத்திவிட்டால் தானாக மேலே வர வேண்டும். வண்டியைத் தாழ்த்தப் போடும் 'லோயரிங் ஸ்பிரிங்' என்று வருவதில் நுனியைப் பாருங்கள். கிரைண்டரில் வெட்டிய தடம் இருந்தால் அது கம்பெனி சாமான் இல்லை, சாதாரண ஸ்பிரிங்கை யாரோ அறுத்தது.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வரி விளம்பரங்களில் 'பானட், பெண்டர், முழு சஸ்பென்ஷன் செட், நல்ல கண்டிஷன்' என்று அடிக்கடி வருகிறது. நல்ல கண்டிஷன் என்றால் எது? சஸ்பென்ஷன் பாகம் விற்பவர்கள் மூன்று விவரம் தராமல் விளம்பரம் ஏற்பதில்லை என்று நீங்கள் வைத்துக்கொள்ளலாம்: எந்த வருஷத்து வண்டியிலிருந்து கழற்றியது, அந்த வண்டி எந்தப் பக்கம் இடிபட்டது, பாகத்தைக் காய்ச்சியோ வெல்டிங் வைத்தோ இருக்கிறார்களா. 'முன் இடது மூலையில் அடி. வலது ஆர்ம்கள், பின் ஆர்ம்கள் மட்டும் விற்பனைக்கு' என்று ஒருவர் எழுதினால் அவரை நம்பிப் போன் செய்யலாம். இடது ஆர்ம் காயலான் கடைக்குத்தான் போக வேண்டும். எனக்கும் அதில் நஷ்டம்தான், ஆனாலும் அப்படித்தான் போடுகிறேன்.

இதனால் விளம்பரம் இரண்டு வரி நீளும் என்பார்கள். அந்த இரண்டு வரிக்கான கட்டணத்தை விற்கிறவர் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
பழைய கார்களைப் பிரித்து விற்கும் வாசகர்